தீயணைப்பு வண்டிக்கு மோட்டார் சைரனா, எலக்ட்ரானிக் சைரனா? ராணிப்பேட்டையிலிருந்து ஒரு கேள்வி

ஆர்மேச்சர் (ராணிப்பேட்டை)

அனைவருக்கும் வணக்கம். முத்துக்கடைக்கு அருகில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை நடத்துகிறேன். எனக்கு வரும் வேலையில் பெரும்பங்கு கிணற்று மோட்டாரும், தோல் பதனிடும் டிரம்களை ஓட்டும் மோட்டாரும்தான். சென்ற வாரம் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் பராமரிப்பு மேற்பார்வையாளர், சாக்கில் சுற்றிய ஒரு பொருளைப் பட்டறையில் இறக்கிவிட்டுப் போனார். தங்கள் வளாகத்துக்கென்று வைத்திருக்கும் தீயணைப்பு வண்டியின் கூரையிலிருந்து கழற்றிய 24 வோல்ட் மோட்டார் சைரன் அது. மூன்று ஆண்டுகளாக ஊமையாகக் கிடந்ததாம். “சரி செய்ய முடிந்தால் செய்யுங்கள், இல்லையென்றால் எடைக்குப் போட்டுவிட்டு எலக்ட்ரானிக் சைரன் வாங்கிக்கொள்கிறோம்” என்றார்.

முன்மூடியைக் கழற்றியதும் ஒரு கைப்பிடி மண் கொட்டியது; குளவி கூடு கட்டியிருந்தது. அதைச் சுரண்டி எடுத்த பிறகு, அலுமினியத்தில் வார்த்த ரோட்டர், அதாவது சுழலும் சக்கரம், தெரிந்தது. அதன் விளிம்பில் 8 திறப்புகள்; அதைச் சுற்றி அசையாமல் நிற்கும் வளையத்திலும் 8 சாளரங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு தபால் அட்டை நுழையும் இடைவெளிதான் இருக்கிறது. ரோட்டருக்கு ஒரு குறையும் இல்லை. மோட்டாரின் சுழலும் சுற்றுக்கு மின்சாரம் கொண்டுபோகும் கார்பன் பிரஷ் ஒன்று அடியோடு தேய்ந்து, அதன் ஸ்பிரிங் நேராகக் கம்யூட்டேட்டர் என்ற செம்பு உருளையில் உரசியிருக்கிறது. செம்புப் பட்டைகளில் விரல் நகம் இடறும் அளவுக்குப் பள்ளம். ஆர்மேச்சர் சுற்று கருகிவிட்டது.

இதைக் கட்டிக் கொடுப்பது எனக்குப் பெரிய வேலை அல்ல. ஆனால் ஒரு தீயணைப்பு வண்டிக்கு இன்றைய நிலையில் இது ஏற்றதுதானா, அல்லது பழைய பொருள் மீதுள்ள ஆசையில் வாடிக்கையாளருக்குத் தவறான யோசனை சொல்லிவிடுவேனா என்பதுதான் ஐயம். விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ஆம்பூர் ஒலிபெருக்கி

வணக்கம் அண்ணா. மைக் செட்டும் ஆம்பிளிஃபயரும் என் தொழில் என்பதால் ஒருதலைப்பட்சமாகப் பேசுவதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கணக்கை மட்டும் வைக்கிறேன்.

மோட்டார் சைரனில் உலகப் பெயர் பெற்றது அமெரிக்காவின் ஃபெடரல் சிக்னல் நிறுவனத்தின் கியூ2பி. 10 அடி தூரத்தில் 123 டெசிபெல் ஒலி தருவது. அதற்கு 12 வோல்ட்டில் ஏறத்தாழ 100 ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். அதாவது 1200 வாட். நம் ஊர் லாரிச் சேசிஸ்களில் 24 வோல்ட் என்பதால் அதே திறனுக்கு 50 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளலாம். 100 வாட் எலக்ட்ரானிக் சைரன் ஒன்றுக்கு 24 வோல்ட்டில் ஐந்தாறு ஆம்பியர் போதும். நெரிசலில் என்ஜின் மந்தமாக ஓடும்போது பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் மின்சாரம் குறைவு. நீல விளக்கு, கம்பியில்லாக் கருவி, தேடுவிளக்கு எல்லாம் அதே பேட்டரியிலிருந்துதான் உறிஞ்சுகின்றன. தீ நடந்த இடத்தில் பேட்டரி படுத்துவிட்டால் மறுபடி செல்ஃப் அடிக்க யார் தள்ளுவார்கள்?

இரண்டாவது, மோட்டார் சைரன் முழுக் குரலுக்கு வரச் சில நொடிகள் எடுத்துக்கொள்ளும். எலக்ட்ரானிக்கில் பொத்தானை அழுத்திய கணமே ஒலி வரும். திறந்த சாலையில் நீண்டு ஏறி இறங்கும் ஒலி, சந்திப்பை நெருங்கும்போது படபடவென்று துடிக்கும் ஒலி என்று மாற்றிக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலாக மைக் இருக்கிறது. “சிவப்பு வேன், இடப்பக்கம் ஒதுங்குங்கள்” என்ற ஒரு வாக்கியம் செய்யும் வேலையை எந்தச் சங்கும் செய்யாது. ஒலிபெருக்கிக்குள் அதிரும் டயாஃப்ரம் தகடு கிழிந்தால் பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். உங்கள் ரோட்டர் பேரிங் போனால் வண்டி எத்தனை நாள் ஊமையாக நிற்கும்? ஏற்கெனவே மூன்று ஆண்டு நின்றிருக்கிறதே!

பழைய மணிக்காரன் (சத்துவாச்சாரி)

தீயணைப்புத் துறையில் முன்னணித் தீயணைப்போராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேலூரும் திருவண்ணாமலையும் ஒரே வடாற்காடு மாவட்டமாக இருந்த காலத்தில், அதாவது 1989க்கு முன்பு, பணியில் சேர்ந்தேன். ஆகையால் இரண்டு சைரனுக்கும் முந்தைய பித்தளை மணியிலிருந்து தொடங்க எனக்கு உரிமை உண்டு என்று கருதுகிறேன்.

நான் சேர்ந்த நிலையத்தில் ஒரு வண்டிக்கு மணி மட்டுமே இருந்தது. ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்காருபவர் கயிற்றைப் பிடித்து விடாமல் அடிக்க வேண்டும். ஐந்து கிலோமீட்டர் போவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். ஏப்ரல் 14, பம்பாய்த் துறைமுகத்தில் 1944இல் கப்பல் வெடித்து 66 தீயணைப்போர் மாண்ட நினைவு நாள். அன்றைய அணிவகுப்புக்கு முன்னால் அந்த மணியைப் பிராசோ போட்டுத் துலக்குவது என்னைப் போன்ற இளையவர்களின் வேலை. துலக்கி முடித்ததும் உள்ளங்கை பச்சையாக நாறும். ஆனாலும் அந்த மணிக்கு ஓர் அருமை இருந்தது. ஊரில் வேறு எந்த வண்டிக்கும் அந்தக் குரல் கிடையாது. மணிச்சத்தம் கேட்டால் அது ஃபயர் சர்வீஸ் வண்டிதான்; குழந்தைக்கும் தெரியும்.

பிறகு வந்தது மோட்டார் சைரன். அதன் அடி வயிற்றிலிருந்து எழும்பும் குரலை மக்கள் சட்டென்று இனங்கண்டார்கள், ஏனென்றால் நகராட்சிச் சங்கும் ஆலைச் சங்கும் அதே இனம். ஜனவரி 30 அன்று காலை 11 மணிக்குத் தியாகிகளுக்காக ஊதுவதும் அதே குரல்தான். சங்கு ஊதினால் ஒரு விஷயம் என்பது அந்தத் தலைமுறையின் காதில் பதிந்திருந்தது.

ஆம்பூர் தம்பி சொன்ன பேட்டரிக் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் மோட்டார் சைரனைப் பழகியவர்கள் பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பதில்லை. நான்கைந்து நொடி அழுத்திக் குரலை உச்சிக்கு ஏற்றிவிட்டுக் கையை எடுத்துவிடுவோம். ரோட்டர் தன் வேகத்திலேயே சுற்றிக்கொண்டு, மின்சாரமே இல்லாமல் இறங்கி வரும். பாதிக்கு இறங்கியதும் மறுபடி ஓர் அழுத்து. அந்த ஏற்ற இறக்கம்தான் அதன் பேச்சு. முழு நேரமும் அழுத்திப் பிடிப்பவன் புதிதாக வந்தவன் என்று வாசலில் நின்றே சொல்லிவிடலாம்.

குடியாத்தம் ஆசிரியை

மணிக்காரர் ஐயா சொன்ன அந்த ஏற்ற இறக்கத்தைப் பற்றி இயற்பியல் ஆசிரியை என்ற முறையில் ஒரு வார்த்தை. எலக்ட்ரானிக் சைரனில் ஏறி இறங்கும் ஒலி இருக்கிறதல்லவா, அது வேறு எதுவும் அல்ல, கனமான ரோட்டர் வேகம் பிடிப்பதற்கும் வேகம் இழப்பதற்கும் எடுத்துக்கொண்ட நேரத்தின் நகல்தான். மின்சுற்றுக்கு எடையும் இல்லை, வேகம் பிடிக்கும் சிரமமும் இல்லை. ஆனாலும் நம் காது சைரன் என்று நம்ப வேண்டுமே என்பதற்காகச் சிரமப்படுவதுபோல் நடிக்க வைத்திருக்கிறார்கள்.

சைரன் என்ற பெயரை இந்தக் கருவிக்கு 1819இல் வைத்தவர் காக்னியார் த லா தூர் என்ற பிரெஞ்சுக்காரர். துளையிட்ட வட்டத்தகடு சுழன்று காற்றோட்டத்தைத் திறந்து திறந்து மூடும்போது ஒலி பிறக்கிறது என்பதே அவர் கருவியின் அடிப்படை. அது தண்ணீருக்குள்ளும் ஒலித்ததால், மாலுமிகளைப் பாட்டால் மயக்கும் கிரேக்கக் கதையின் கடல் மங்கையர் பெயரை அதற்குச் சூட்டினார். அந்தக் காலத்தில் அது எச்சரிக்கைக் கருவியே அல்ல. ஒரு சுருதிக்கு நொடிக்கு எத்தனை அதிர்வு என்று எண்ணிப் பார்க்கும் ஆய்வகக் கருவி. ராணிப்பேட்டை அண்ணாவும் அதே எண்ணிக்கையைச் செய்து பார்க்கலாம். திறப்புகளின் எண்ணிக்கையை நொடிக்கான சுற்றுகளால் பெருக்கினால் ஒலியின் அதிர்வெண் வரும். 8 திறப்புகள், நிமிடத்துக்கு 4200 சுற்று என்றால், நொடிக்கு 70 சுற்று; ஆக 560 ஹெர்ட்ஸ்.

மையத்துக்கு வருகிறேன். சைரன் கேட்பது ஒரு பாதி. அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரிவது மறு பாதி. தாழ்ந்த சுருதியில், ஒலி ஒரு காதுக்கும் மறு காதுக்கும் வந்து சேரும் நேர வேறுபாட்டைக் கொண்டு மூளை திசையைக் கணிக்கிறது. உயர்ந்த சுருதியில், தலை ஒரு பக்கம் மறைப்பதால் உண்டாகும் ஒலியளவு வேறுபாட்டைக் கொண்டு கணிக்கிறது. ஏறத்தாழ 1500 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையிலான நடுப்பகுதியில் இந்த இரண்டு வழியும் பலவீனம். எலக்ட்ரானிக் சைரன்கள் பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸிலிருந்து 1500ஐத் தாண்டி ஏறி இறங்குபவை. ஒற்றைச் சுருதியைவிடப் பல சுருதிகள் கலந்த இரைச்சல் போன்ற ஒலிக்குத் திசை எளிதில் புலப்படும். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் டெபோரா விதிங்டன் 1990களில் இதன் அடிப்படையில்தான் அகன்ற பட்டை ஒலியை சைரனில் சேர்க்க வேண்டும் என்று வலியுறுத்தினார். மோட்டார் சைரனில் காற்று வெட்டுப்படும் சரசரப்பும் மேல் சுருதிகளும் இயல்பாகவே கலந்திருப்பதால் இந்த வகையில் அதற்கு ஒரு நன்மை உண்டு என்பது என் கருத்து.

ஆம்பூர் ஒலிபெருக்கி

ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம். ஒரு சிறு திருத்தம். எலக்ட்ரானிக் சைரனிலிருந்து வருவது ஒற்றைச் சுருதி அல்ல. உள்ளே பிறக்கும் அலை பெரும்பாலும் சதுர அலை. அதிலும் மேல் சுருதிகள் நிறைய உண்டு. ஆனால் அதன் ஒலியை வெளியே விடும் ஹார்ன் என்பது சின்ன வாய் உள்ள குழல். 400, 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதனால் முக்கவும் முடியாது. ஆகவே அடிக்குரல் இல்லை என்று சொன்னால் ஒப்புக்கொள்வேன். சுருதி ஒற்றை என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அந்த அடிக்குரல் குறையைத் தயாரிப்பாளர்களே உணர்ந்துதான், 2000க்குப் பின் அமெரிக்காவில் ரம்ப்ளர் என்ற கருவியைக் கொண்டுவந்தார்கள். சைரன் ஒலியைக் கீழே இறக்கி, 200 முதல் 400 ஹெர்ட்ஸ் அளவில் பெரிய ஸ்பீக்கர் வழியாக உறுமவிடுவது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பாட்டுக் கேட்பவருக்குக் காதில் ஏறாவிட்டாலும் இருக்கை அதிரும். கல்யாண ஊர்வலத்தில் பேஸ் பெட்டி போகும்போது ஜன்னல் கண்ணாடி நடுங்குவதைப் பார்த்த நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. அதாவது, மோட்டார்தான் தீர்வு என்பதில்லை. மின்னணுவிலும் அடிக்குரல் எழுப்ப முடியும்.

இரவுப்பணி ஓட்டுநர் (காட்பாடி)

இத்தனை நாள் படித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தேன். இந்த இழையில் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஒன்பது ஆண்டுகளாக ஆம்புலன்ஸ் ஓட்டுகிறேன்; அரசு வண்டி அல்ல, தனியார் வண்டி.

நம் ஊரின் நிலைமை மற்ற ஊர்களைப் போன்றதல்ல. சி.எம்.சி. மருத்துவமனை இருக்கிற ஊர் இது. சித்தூர்ப் பக்கத்திலிருந்தும், அதற்கும் அப்பாலிருந்தும், வங்காளம் வரையிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். காட்பாடி சாலையில் சில்க் மில்லிலிருந்து விருதம்பட்டு வந்து பாலாற்றுப் பாலம் ஏறி இறங்குவதற்குள் இரண்டு மூன்று ஆம்புலன்ஸ்களைக் கடந்துவிடலாம். எல்லாவற்றிலும் ஒரே எலக்ட்ரானிக் சைரன் பெட்டி, ஒரே குரல். காலி வண்டியில் தேநீர் குடிக்கப் போகும்போதும் சைரன் போடுகிற சில ஓட்டுநர்கள் இருக்கிறார்கள் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அதன் விளைவாக மக்களின் காது மரத்துப் போய்விட்டது. வழி விடாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194இ பிரிவின்படி 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு என்று 2019இல் சட்டம் திருத்தினார்கள். காதில் ஏறாத ஒலிக்கு எந்தச் சட்டம் போட்டு என்ன பயன்?

இதைவிட ஆபத்தான ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரே குரலில் இரண்டு வண்டிகள் அடுத்தடுத்து வந்தால், முதல் வண்டிக்கு வழி விட்டவர்கள் உடனே சாலையை மூடிவிடுவார்கள். சத்தம் இன்னும் கேட்கிறதே என்று யாரும் யோசிப்பதில்லை. போன வண்டியின் சத்தம் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு மழை இரவில் கிரீன் சர்க்கிள் அருகே நான் நோயாளியோடு வந்துகொண்டிருந்தேன். குறுக்குச் சாலையிலிருந்து தீயணைப்புத் துறையின் தண்ணீர் வண்டி ஒன்று சைரனோடு வந்தது. அதுவும் ஓர் அழைப்புக்குத்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறது. என் தலைக்கு மேலே என் ஹார்ன் அலறிக்கொண்டிருந்ததால் அதன் சைரன் எனக்குக் கேட்கவில்லை. அவருக்கும் என்னுடையது கேட்டிருக்காது. நீல விளக்கு ஒன்று எதிர்க் கடையின் ஷட்டரில் பட்டுத் தெறித்ததைப் பார்த்துத்தான் பிரேக்கை மிதித்தேன். இரண்டு வண்டிக்கும் நடுவில் ஓர் ஆட்டோ நிற்கும் இடம்தான் மிச்சம். அவருடைய வண்டியிலிருந்து வேறு மாதிரி ஒரு குரல், அடிக்குரல், வந்திருந்தால் எனக்கு முன்பே உறைத்திருக்கும்.

லாங்கு பஜார் (வேலூர்)

எல்லோரும் குரலைப் பற்றிப் பேசுகிறீர்கள். காது கொடுக்க வேண்டிய நாங்களும் இந்த ஊரில்தான் இருக்கிறோம் என்பதை நினைவூட்டுகிறேன். மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம் என்று விதி சொல்கிறது. வேலூரில் மருத்துவமனைகளைச் சுற்றி வட்டம் போட்டால் ஊரில் பாதி அந்த வட்டத்துக்குள் வந்துவிடும். அவசர வண்டிக்கு விலக்கு உண்டு, தெரியும். ஆனால் 123 டெசிபெல் என்று பெருமையாகச் சொல்லும்போது, அது யார் காதில் விழுகிறது என்றும் யோசிக்க வேண்டாமா?

என் கடை இருக்கும் பஜாரில் காலை பத்து மணிக்கு மேல் லோடு ஆட்டோவும் தள்ளுவண்டியும் நிற்கும். பின்னால் நீங்கள் வானத்துச் சங்கையே ஊதினாலும், ஒதுங்க இடம் இருந்தால்தானே ஒதுங்குவது? வழி இல்லாத இடத்தில் சத்தத்தைக் கூட்டுவது பதற்றத்தைத்தான் கூட்டும்.

பழைய மணிக்காரன் (சத்துவாச்சாரி)

லாங்கு பஜார் ஐயா சொல்வது நியாயம். நேதாஜி மார்க்கெட்டுப் பக்கம் அழைப்பு வந்தால், நாங்கள் சைரனை நிறுத்திவிட்டு இரண்டு பேரை முன்னால் இறக்கி ஓடவிடுவோம். தள்ளுவண்டியைக் கையால் நகர்த்துவதுதான் அங்கே சைரன். ஆனால் நெடுஞ்சாலையிலும் அகலமான சாலைகளிலும் கதை வேறு. அங்கே வழி இருக்கிறது. வழி விட வேண்டும் என்ற எண்ணம் ஓட்டுகிறவருக்கு நேரத்தோடு வர வேண்டும்.

எத்தனை நேரத்தோடு என்பதை ஆசிரியை அம்மா கணக்குப் போட்டுச் சொன்னால் நன்றாக இருக்கும். என் அனுபவத்தில், முன்னால் போகிறவருக்கு நாங்கள் வருவது தெரிவதற்கும் நாங்கள் அவர் முதுகில் ஏறிவிடும் தூரத்துக்கு வருவதற்கும் இடையில் ஒரு மூச்சு விடும் நேரம்தான் இருக்கும். அந்த ஒரு மூச்சில் அவர் திசையைத் தவறாகக் கணித்தால் ஆபத்து. ஒருமுறை கொணவட்டத்துக்கு அருகே இருசக்கர வண்டியில் போன ஒருவர், சத்தம் கேட்டதும் எந்தப் பக்கம் என்று தெரியாமல் நடுச்சாலையில் நின்று, தலையை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். எங்களை மட்டும் பார்க்கவில்லை. எங்கள் ஓட்டுநர் சாலையோர மண்ணில் இறக்கித்தான் அவரைக் கடந்தார். அன்று வண்டியில் இருந்தது புதுப் பெட்டி சைரன். பழைய சைரனாக இருந்தால் அவர் திரும்பியிருப்பார் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அந்தக் காட்சி என் மனத்தை விட்டு அகலவில்லை.

குடியாத்தம் ஆசிரியை

கேட்ட கணக்கு இதோ. 10 அடி என்பது 3 மீட்டர். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபெல் குறையும். 3 மீட்டரில் 123 என்றால், 6 மீட்டரில் 117, 12இல் 111, 24இல் 105, 48இல் 99, 96 மீட்டரில் 93. கண்ணாடி ஏற்றிய கார் இதில் ஏறத்தாழ 30 டெசிபெல்லை விழுங்கிவிடும் என்று கொண்டால், உள்ளே இருப்பவர் காதுக்கு வருவது 63. ஏ.சி. விசிறியும் பாட்டும் டயர் ஓசையும் சேர்ந்தால் அதே அளவு இரைச்சல் காருக்குள்ளேயே இருக்கும். தீயணைப்பு வண்டி, முன்னால் போகும் காரைவிட மணிக்கு 60 கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் நெருங்குகிறது என்றால் நொடிக்கு 16 மீட்டருக்கு மேல். 96 மீட்டரைக் கடக்க ஆறு நொடி கூட இல்லை. ஐயா சொன்ன ஒரு மூச்சு சரியாகத்தான் இருக்கிறது.

இதே கணக்கு வண்டிக்குள் இருப்பவர்களுக்கும் பொருந்தும் என்பதை யாரும் சொல்லவில்லை. 85 டெசிபெல்லை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது தொழிலாளர் நலனுக்காகப் பரவலாகப் பரிந்துரைக்கப்படும் அளவு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெல் என்றால் ஒரு நாளைக்கு 15 நிமிடம்தான். ராணிப்பேட்டை அண்ணா, அந்தத் தொழிற்சாலைக்காரர்கள் எந்த சைரன் பொருத்தினாலும் கூரையில் பொருத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். முன் பம்பரில் பொருத்தினால் வண்டிக்குள் இரைச்சல் குறையும். முன்னால் போகும் காரின் உயரத்துக்கும் ஒலி இறங்கி வரும்.

பழைய மணிக்காரன் (சத்துவாச்சாரி)

அம்மா சொன்னது எனக்கு இருபது ஆண்டு தாமதமாகக் கிடைத்த அறிவுரை. என் இடது காதில் இப்போது யார் பேசினாலும் பருத்தி அடைத்ததுபோல் கேட்கிறது.

ஆம்பூர் ஒலிபெருக்கி

இரவுப்பணி அண்ணா எழுதியதைப் படித்த பிறகு என் நிலையைச் சற்று மாற்றிக்கொள்கிறேன். எது அதிகச் சத்தம், எதற்கு அதிகக் கரண்ட் என்று நாம் விவாதித்துக்கொண்டிருந்தோம். அவர் சொன்னது எது வேறு சத்தம் என்பதை. ஜெர்மனியில் தீயணைப்பு வண்டிகளுக்குக் காற்றழுத்தத்தில் ஊதும் இரட்டைச் சுருதிக் குழல் ஒன்று உண்டு. மார்ட்டின் என்ற நிறுவனம் செய்ததால் அதற்கு மார்ட்டின் ஹார்ன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அங்கேயும் இதே சண்டை நடக்கிறது: எலக்ட்ரானிக் ஒலிபெருக்கி ஊருக்குள் போதும் என்று ஒரு கட்சி, நெடுஞ்சாலையில் காற்றுக்குழல் இல்லாமல் காதில் ஏறாது என்று மறு கட்சி. பல வண்டிகளில் இரண்டையும் வைத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவிலும் கியூ2பி வைத்திருக்கும் வண்டிகளில் எலக்ட்ரானிக் சைரனும் கூடவே இருக்கும். அது இடைவிடாமல் ஒலிக்க, மோட்டார் சைரனைச் சந்திப்புகளில் கால் பொத்தானால் எழுப்புவார்கள். உடனே அடக்குவதற்குத் தனி பிரேக் பொத்தானும் உண்டு.

இன்னொரு வேறுபாடும் எனக்கு இப்போதுதான் உறைத்தது. என் ஹார்ன் முகம் பார்க்கும் திசையில்தான் முழுக் குரலில் பேசும். பக்கவாட்டில் குரல் தேய்ந்துவிடும். ராணிப்பேட்டை அண்ணா, நீங்கள் சொன்ன ரோட்டருக்கு விளிம்பைச் சுற்றிலும் சாளரம் இருக்கிறது. கிரீன் சர்க்கிள் போன்ற இடத்தில் குறுக்கே வருகிறவருக்கு எது முன்னால் கேட்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சட்டத்தைப் பொறுத்தவரை, மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல் 119ஆம் விதியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பல சுருதி ஹார்ன் யாருக்கும் கூடாது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு, மீட்பு, காவல் வண்டிகள் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு; பதிவு அதிகாரி ஏற்கும் ஒலிக்கருவி வைத்துக்கொள்ளலாம். தொழிற்சாலை வண்டி வளாகத்தைவிட்டுச் சாலைக்கு வருவதாக இருந்தால், இரண்டு சைரனையும் காட்டி ஒப்புதல் வாங்கிவிடுவது நல்லது.

ஆர்மேச்சர் (ராணிப்பேட்டை)

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. வேலை முடிந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலை விடுமுறையாக இருந்ததால் அங்கேயே வண்டியில் பொருத்திச் சோதித்தோம். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

கம்யூட்டேட்டரை லேத்தில் லேசாகக் கடைந்து, பட்டைகளுக்கு நடுவில் மைக்காவைச் சீவி, புதுச் சுற்று கட்டி வார்னிஷ் ஊற்றி இரண்டு நாள் காயவைத்தேன். பேரிங் இரண்டும் புதிது. முதல்முறை பொத்தானை அழுத்தியபோது கிளாம்ப் மீட்டர் 90 ஆம்பியரைத் தொட்டுவிட்டு, வேகம் பிடித்ததும் 34இல் நின்றது. என்ஜினை நிறுத்திவிட்டு விடாமல் அழுத்தியபோது இரண்டு நிமிடத்திலேயே பேட்டரி மின்னழுத்தம் கண்ணுக்குத் தெரிய இறங்கியது. ஆம்பூர் தம்பியின் எச்சரிக்கை வீண் அல்ல. மணிக்காரர் ஐயா சொன்னபடி விட்டு விட்டு அழுத்தியபோது அவ்வளவு இறக்கம் இல்லை. கைப்பேசிச் செயலியில் உச்சச் சுருதி 552 ஹெர்ட்ஸ் காட்டியது. ஆசிரியை அம்மாவின் சூத்திரப்படி நிமிடத்துக்கு 4140 சுற்று. பட்டறையில் சுற்றுமானி வைத்துப் பார்த்தபோதும் 4100க்கு மேல்தான் காட்டியது.

மேற்பார்வையாளர் கடையிலிருந்து 100 வாட் எலக்ட்ரானிக் சைரன் ஒன்றையும் வரவழைத்திருந்தார். வண்டியைக் கிடங்குக்குப் பின்னால் நிறுத்தி, இரண்டையும் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டு, நான் முன்வாயிலில் நின்று கேட்டேன். நடுவில் தோல் காயவைக்கும் நீளக் கொட்டகையும் இரண்டு மாடிக் கட்டடமும் இருந்தன. எலக்ட்ரானிக் எங்கோ தூரத்தில் ஆம்புலன்ஸ் போவதுபோல் கேட்டது. கட்டடத்தில் எதிரொலித்து வலப்பக்கம் சாலையிலிருந்து வருவதாகவே தோன்றியது. மோட்டார் சைரன் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு வந்தது. சத்தம் அதற்குக் கொஞ்சம் குறைவு என்றுகூடச் சொல்வேன், ஆனால் திசை பிசகவில்லை. வண்டியின் நேர் எதிரில் இருபது அடியில் நின்றபோது மட்டும் எலக்ட்ரானிக்கின் கை ஓங்கியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் காதால் கேட்டதை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன்.

இரண்டையும் வைத்துக்கொள்வதாக முடிவு செய்திருக்கிறார்கள். எலக்ட்ரானிக் ஹார்ன் பம்பரில், மைக்கோடு. மோட்டார் சைரனும் கூரையிலிருந்து இறங்கி முன்பக்கம் வருகிறது; குளவி புகாதபடி வாயில் கம்பி வலை. தனி ரிலே, தனி ஃபியூஸ், கால் பொத்தான். அந்தப் பொத்தானைத்தான் எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியவில்லை. ஓட்டுநர் தன் காலடியில் வேண்டும் என்கிறார்.

இரவுப்பணி ஓட்டுநர் (காட்பாடி)

அவரிடம் கொடுக்காதீர்கள் அண்ணா. சந்திப்பில் இடக்கால் கிளட்சில் இருக்கும், வலக்கால் பிரேக்கில் இருக்கும். மூன்றாவது காலுக்கு அவர் எங்கே போவார்?

பழைய மணிக்காரன் (சத்துவாச்சாரி)

இடப்பக்கம் வையுங்கள். மணிக்கயிறு இருந்த இடம் அதுதான். பக்கத்தில் உட்காருபவருக்குச் சாலையைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. எப்போது அழுத்த வேண்டும், எப்போது விட வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும். பொத்தானைத் தரையோடு தரையாகப் பதிக்காமல் அரை அங்குலம் தூக்கி வையுங்கள். கம்பூட்ஸ் போட்ட காலுக்கு அது தட்டுப்பட வேண்டும்.

ஆர்மேச்சர் (ராணிப்பேட்டை)

சரி ஐயா. இடப்பக்கமே வைக்கிறேன், அரை அங்குலம் உயர்த்தி.